இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு நடுவே திணறுகிறீர்களா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

டெல்டா மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல்வளம் போதாது என்று பலர் சொல்கிறார்கள். என்னிடம் படிக்க வருபவர்களைப் பார்க்கும்போது அப்படித் தோன்றவில்லை. வலங்கைமானில் 1869இல் பிறந்து, கும்பகோணத்தில் படித்த பேச்சாளர் சீனிவாச சாஸ்திரியின் ஆங்கிலத்தை ஆங்கிலேயர்களே மெச்சினார்கள். அந்த மண்ணுக்கு ஆங்கிலம் ஒட்டாது என்று சொல்வது அநியாயம். கல்லூரி முடித்த பிள்ளைகளுக்குச் சொற்கள் நிறையவே தெரியும். ஒன்றுபோல இருக்கும் இரண்டு சொற்களில் எதைப் போடுவது என்ற இடத்தில்தான் பேச்சு நின்றுபோகிறது. அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் ஒரே பொருள் போட்டிருக்கிறது. பிறகு எப்படித் தீர்மானிப்பது?

குழப்பம் வெளியே ஒரே மாதிரி தெரிந்தாலும் உள்ளே காரணங்கள் வேறு வேறு. காரணம் தெரியாமல் பட்டியலை மனப்பாடம் செய்து பயனில்லை. ஆகவே முதலில் ஒரு வேலை செய்யுங்கள். எந்த வாக்கியத்தில் நின்றீர்களோ அதை முழுதாகத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். சொல்லை மட்டும் எழுதினால் போதாது. யார், யாரிடம், எதை, எப்போது என்பதெல்லாம் அந்த வாக்கியத்தில் இருக்கட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கீழே உள்ள அறிகுறிகளில் எது பொருந்துகிறது என்று பாருங்கள்.

அறிகுறி: தமிழில் ஒரே சொல்தான் வருகிறது, ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்கள் வந்து நிற்கின்றன

அதிகம் பேரைப் படுத்துவது இதுதான். 'கேள்' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். திருவையாறு ஆராதனைக்குப் போய்க் கச்சேரி கேட்டேன். தூரத்தில் நாகசுரம் கேட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் அது என்ன ராகம் என்று கேட்டேன். குடிக்கத் தண்ணீர் கேட்டேன், கொடுத்தார். நான்கு இடத்துக்கும் தமிழில் ஒரே வினை போதும். ஆங்கிலத்தில் முதலாவது 'லிசன்', இரண்டாவது 'ஹியர்', மூன்றாவது 'ஆஸ்க்', நான்காவது 'ஆஸ்க் ஃபார்'.

இதற்கு ஆங்கில விளக்கத்தைத் தேடிப் போக வேண்டாம். தமிழ் வாக்கியத்தையே கொஞ்சம் விரித்துச் சொல்லிப் பாருங்கள். 'காதில் விழுந்தது' என்று மாற்ற முடிந்தால் 'ஹியர்'. 'காது கொடுத்துக் கேட்டேன்' என்று மாற்ற முடிந்தால் 'லிசன்'. எதைக் கேட்டோம் என்று சொல்லும்போது நடுவில் 'டு' வர வேண்டும். வாய் திறந்து வினவினால் 'ஆஸ்க்'. ஒரு பொருள் தமக்கு வேண்டும் என்று கேட்டால் 'ஆஸ்க் ஃபார்'. 'சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை' என்று வீட்டில் கடிந்துகொள்கிறார்களே, அதில் வருவதும் காது கொடுக்கும் 'கேள்'தான். அதற்கும் 'லிசன்' என்றே போடலாம்.

'பார்' என்பதும் இதே வழியில் சரியாகிவிடும். கண்ணில் பட்டது என்றால் 'சீ'. திரும்பிப் பார்த்தேன், உற்றுப் பார்த்தேன் என்றால் 'லுக்'. பார்த்துக்கொண்டே இருந்தேன் என்றால் 'வாட்ச்'. வெண்ணாற்றில் வெள்ளம் ஏறுவதைப் பாலத்தில் நின்று பார்க்கிறோம். நீர் நகர்கிறது, மட்டம் மாறுகிறது, கண்ணை எடுக்காமல் நிற்கிறோம். அது 'வாட்ச்'.

பெயர்ச்சொற்களில் எனக்குப் பிடித்தது 'கரை'. காவிரிக்கரை, வாய்க்கால் கரை இரண்டும் 'பேங்க்'. கடலுக்கும் பெரிய ஏரிக்கும் 'ஷோர்'. மாலையில் கால் நனைக்கப் போகும் மணல்வெளி 'பீச்'. கடலை ஒட்டி நீளும் நிலப்பகுதியை, வரைபடத்தில் பார்ப்பதுபோல் மொத்தமாகச் சொன்னால் 'கோஸ்ட்'. நாகப்பட்டினமும் வேதாரண்யமும் 'கோஸ்ட்'டில் இருக்கும் ஊர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது என்று எழுதினால் அந்தக் கரையும் 'கோஸ்ட்'தான். மண் கொட்டி எழுப்பிய ஏரிக்கரையை நம் நாட்டு ஆங்கிலத்தில் 'பண்ட்' என்பார்கள். எது என்று சந்தேகம் வந்தால் ஒரு கேள்வி போதும்: கரைக்கு அந்தப் பக்கம் இருப்பது ஓடும் நீரா, விரிந்து கிடக்கும் நீரா? பூம்புகாரில் காவிரி கடலில் கலக்கும் இடத்தில் நிற்பவர், 'பேங்க்' முடிந்து 'ஷோர்' தொடங்கும் இடத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். அப்படிக் கற்ற சொல் பிறகு மறக்காது.

'கட்டணம்' சுலபம். பயணத்துக்கு 'ஃபேர்', படிப்புக்கும் தேர்வுக்கும் மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் 'ஃபீ', நெடுஞ்சாலைச் சாவடியில் 'டோல்', மற்றபடி ஒரு சேவைக்கு வாங்குவது 'சார்ஜ்'. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்கு பஸ்ஸில் கொடுப்பது 'ஃபேர்'. அங்கே போய்க் கல்லூரியில் கட்டுவது 'ஃபீ'.

'மறுப்பு' அவ்வளவு சுலபம் இல்லை. செய்தித்தாளில் 'தண்ணீர் திறக்க மறுப்பு' என்று ஒரு தலைப்பு வரும். அதே பக்கத்தில் 'முறைகேடு புகார்: அதிகாரி மறுப்பு' என்று இன்னொன்று இருக்கும். முதலாவது 'ரெஃப்யூஸ்', இரண்டாவது 'டினை'. மறுப்பவரின் வாயிலிருந்து என்ன சொல் வருகிறது என்று கவனியுங்கள். 'மாட்டேன்' என்றால் 'ரெஃப்யூஸ்'. 'இல்லை, அப்படி நடக்கவே இல்லை' என்றால் 'டினை'. ஒரு விலக்கு மட்டும் நினைவில் இருக்கட்டும்: ஒருவருக்குச் சேர வேண்டியதைச் சேராமல் தடுப்பதையும் 'டினை' என்பார்கள். கடைமடை உழவர்களுக்கு அவர்கள் பங்கு நீர் மறுக்கப்பட்டது என்று எழுதும்போது வருவது இந்த 'டினை'.

அறிகுறி: வேறுபாட்டைப் பலமுறை சொல்லிக்கொடுத்தும் மனத்தில் நிற்கவில்லை

அந்த வேறுபாடு தமிழில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். அதைத் தொடாமல் ஆங்கில இலக்கண விதியை மட்டும் சொல்லிக்கொடுப்பதால்தான் நிற்பதில்லை.

'ரைஸ்', 'ரெய்ஸ்' இரண்டையும் எடுத்துக்கொண்டு எத்தனை பேர் தவிக்கிறார்கள்! பள்ளியில் தன்வினை, பிறவினை படித்த யாருக்கும் இது கடினமாக இருக்கக் கூடாது. மேட்டூரில் நீர்மட்டம் உயர்கிறது: 'ரைஸ்'. மதகைக் கவனிக்கும் பணியாளரான லஸ்கர் அதன் கதவை உயர்த்துகிறார்: 'ரெய்ஸ்'. 'உயர்', 'உயர்த்து' என்று தமிழ் எங்கே மாறுகிறதோ அங்கேதான் ஆங்கிலமும் மாறுகிறது. 'ரிமெம்பர்' என்பது நினைவிருப்பது. 'ரிமைண்ட்' என்பது நினைவூட்டுவது. கூட்டுறவுச் சங்கம் கடன் கொடுக்கிறது, 'லெண்ட்'; உழவர் கடன் வாங்குகிறார், 'பாரோ'. வெறும் 'கடன்' என்று மனத்தில் பதிந்தவர்களுக்குத்தான் இந்த இரண்டும் இடம் மாறுகின்றன. 'கடன் வாங்கு', 'கடன் கொடு' என்று முழுதாகப் பதிந்தவர்களுக்கு மாறுவதே இல்லை.

'பை', 'அன்டில்' இரண்டும் காலத்தைக் குறிப்பவை. தமிழில் 'க்குள்', 'வரை' என்று தனித்தனியாக இருக்கின்றன. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28 வரை பாசனத்துக்கு நீர் விடுவது நீண்டகால வழக்கம். அந்த 'ஜனவரி 28 வரை' என்பது 'அன்டில்'. நீர் நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது, அந்த நாளில் முடிகிறது. தூர்வாரும் வேலை ஜூன் 12க்குள் முடிய வேண்டும் என்றால் அது 'பை'. எந்த நாளில் முடிந்தாலும் சரி, கெடு மட்டும் தாண்டக் கூடாது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நன்றாக ஆங்கிலம் எழுதுபவர்கள்கூட இதில் விழுகிறார்கள், அதனால் நின்று பார்ப்போம். 'ஜூலை வரை கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை' என்று தமிழில் சொன்னால், ஜூலையிலும் வந்து சேரவில்லை என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். பிறகு வந்ததா, வரவே இல்லையா என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. இதை அப்படியே 'நாட் அன்டில் ஜூலை' என்று ஆங்கிலத்தில் எழுதினால் பொருள் புரண்டுவிடும். ஆங்கிலம் படிப்பவர், ஜூலையில் தண்ணீர் வந்துவிட்டது என்று புரிந்துகொள்வார். அதற்குச் சரியான தமிழ் 'ஜூலையில்தான் வந்தது' என்பது. தண்ணீருக்காகக் காத்திருப்பவருடைய நிலையை எழுதும்போது இந்த ஒரு சொல் உண்மையையே மாற்றிவிடும். ஜூலை முடிந்தும் வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டுமானால் 'பை தி எண்ட் ஆஃப் ஜூலை' என்று தொடங்கி, இன்னும் வரவில்லை என்ற பொருளில் 'ஸ்டில்' சேர்த்து எழுதுங்கள்.

அறிகுறி: தேர்வில் சரியாக எழுதுகிறேன், பேசும்போது இரண்டும் இடம் மாறிவிடுகின்றன

இரண்டு சொற்களையும் ஒரே நாளில், ஒரே பக்கத்தில், அருகருகே எழுதிப் படித்திருப்பீர்கள். காரணம் அதுதான். பொருளால் நெருங்கிய சொற்களைச் சேர்த்துப் படித்தால் ஒன்றையொன்று குழப்பும் என்பதை டிங்கம் என்ற ஆய்வாளர் 1993இல் சோதித்துக் காட்டினார். புதிதாக உருவாக்கிய சொற்களைக் கொடுத்துப் பார்த்தபோது, ஒரே வகைப் பொருள் கொண்டவற்றைக் கற்பதற்குக் கூடுதல் முயற்சி தேவைப்பட்டது. வாரிங் என்பவர் 1997இல் ஜப்பானிய மாணவர்களிடம் அதே சோதனையைச் செய்தபோதும் அதே முடிவு கிடைத்தது.

போட்டித் தேர்வு வழிகாட்டிகளில் இணைப்பொருள் சொற்களை வரிசையாக அடுக்கித் தருகிறார்களே, அந்தப் பக்கங்களை ஏற்கெனவே தெரிந்த சொற்களைத் திரும்பப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதுச் சொல் கற்க அவை உதவா. நாற்றங்காலில் நெருக்கமாக நிற்கும் பயிரைப் பறித்து இடைவெளி விட்டு நடுவதுபோல, நெருங்கிய சொற்களுக்கு இடையில் நாட்கள் வேண்டும்.

ஏற்கெனவே குழம்பிவிட்ட ஜோடிக்கு ஒரு மருந்து உண்டு. இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். 'லெண்ட்' என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் உண்மையில் நடந்த ஒன்றை வைத்து வாக்கியம் அமையுங்கள்: சித்தப்பா நடவு நேரத்தில் பக்கத்து வயல்காரருக்கு மோட்டாரை இரவலாகக் கொடுத்தார். அதையே பேசுங்கள், எழுதுங்கள். 'பாரோ' என்ற சொல்லை அதுவரை தொடவே வேண்டாம். தேவைப்பட்டால் வேறு விதமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள். முதல் சொல் யோசிக்காமல் வாயில் வரத் தொடங்கிய பிறகு இரண்டாவதை எடுங்கள். அதற்கு வேறு ஆள், வேறு பொருள், வேறு இடம் கொடுங்கள். பக்கத்து வயல்காரர் மோட்டாரை இரவல் வாங்கினார் என்று அதே காட்சியைத் திருப்பிப் போட்டால் மறுபடியும் குழம்பும்.

அறிகுறி: இலக்கணம் சரி, பொருளும் சரி, ஆனால் 'இப்படிச் சொல்வதில்லை' என்கிறார்கள்

இது சேர்க்கைக் கோளாறு. சொல்லின் பொருளில் பிழை இல்லை, பக்கத்தில் நிற்கும் துணைதான் மாறிப்போயிருக்கிறது. நாம் 'பலத்த காற்று' என்கிறோம், 'பலத்த மழை' என்கிறோம். ஆங்கிலத்தில் காற்றுக்கு 'ஸ்ட்ராங்', மழைக்கு 'ஹெவி'. 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதினால் புரியும், ஆனால் உறுத்தும். 'கனமழை' என்ற சொல்லை நினைத்துக்கொண்டால் தவறாது. வானிலை ஆய்வு மையமும் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் பெய்யும் மழையை 'ஹெவி' என்றே வகைப்படுத்துகிறது. டிகிரி காபிக்கு மறுபடியும் 'ஸ்ட்ராங்'.

காபி என்றதும் இன்னொன்று. நாம் காபியும் சாப்பிடுவோம், மாத்திரையும் சாப்பிடுவோம். ஆங்கிலத்தில் காபியை 'டிரிங்க்' அல்லது 'ஹேவ்', மாத்திரையை 'டேக்'. அதேபோல 'திற': தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்பதை 'ஓபன்' என்று எழுதக் கூடாது. கதவைத்தான் 'ஓபன்' செய்ய முடியும், தண்ணீரை 'ரிலீஸ்' செய்கிறார்கள்.

'செய்' என்பதற்கு 'டூ', 'மேக்' என்று இரண்டு இருப்பதைப் பலர் விதியாகக் கேட்கிறார்கள். இல்லாத ஒன்று புதிதாக உண்டானால் 'மேக்', ஒரு வேலையை முடித்தால் 'டூ' என்பது பாதி தூரம் துணைக்கு வரும். முடிவு, தவறு, திட்டம் ஆகியவற்றுக்கு 'மேக்'. வீட்டுப்பாடம், ஆராய்ச்சி, வீட்டு வேலை ஆகியவற்றுக்கு 'டூ'. மீதி தூரத்துக்கு விதி இல்லை, பழக்கம்தான். ஆகவே குறிப்பேட்டில் 'மிஸ்டேக்' என்று தனியாக எழுதாதீர்கள், 'மேக் எ மிஸ்டேக்' என்று துணையோடு எழுதுங்கள். சந்தேகம் வந்தால், மக்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் திரட்டி வைத்த உரைத்தொகுப்பில் தேடலாம். பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்பது பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட தொகுப்பு. இரண்டு சேர்க்கைகளையும் அதில் போட்டுப் பார்த்தால் எது வழக்கு என்பது கணத்தில் தெரியும். ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைப் பொருள் காட்டும் செயலிகளைவிட, எடுத்துக்காட்டு வாக்கியம் தரும் மாணவர் அகராதி எவ்வளவோ மேல்.

அறிகுறி: சொல் சரியாக இருந்தும் எதிராளி முகம் சுளிக்கிறார், அல்லது திகைக்கிறார்

முகம் சுளித்தால் சொல்லின் தொனி பிழை. பயிர்க் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதும்போது 'கோருகிறேன்' என்பதற்கு 'டிமாண்ட்' போட்டால் அது மிரட்டலாகக் கேட்கும். 'ரிக்வெஸ்ட்' போடுங்கள். அதை வினையாகப் போட்டால் பின்னால் 'ஃபார்' வேண்டாம், பெயராகப் போட்டால் மட்டும் வேண்டும். பணத்தின் பெயரையும் கவனியுங்கள். வெள்ளத்துக்குப் பின் அரசு அறிவிக்கும் நிவாரணம் 'ரிலீஃப்'. இழப்புக்கு ஈடாகக் கிடைக்கும் இழப்பீடு 'காம்பன்சேஷன்'. பிரீமியம் கட்டிய உரிமையில் காப்பீட்டில் கேட்பது 'கிளெய்ம்'. தமிழில் இந்த மூன்றும் வேறு என்று நமக்கு நன்றாகத் தெரியும். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் கலந்துவிடுகிறோம், அதனால் கோப்பு தவறான மேசைக்குப் போகிறது.

திகைத்தால் அந்தச் சொல் நம் நாட்டு வழக்காக இருக்கலாம். மன்னார்குடியிலிருந்தும் நாகையிலிருந்தும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் நேர்காணலில் இதைச் சந்திக்கிறார்கள். 'ஐ ஹேவ் எ டவுட்' என்று நாம் பணிவாகத்தான் கேட்கிறோம். வெளிநாட்டவர் காதுக்கு, நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்பதுபோல் விழுகிறது. அங்கே 'கொஸ்டின்' போடுங்கள். படிப்பு முடித்தேன் என்பதற்கு 'பாஸ்டு அவுட்' என்றால் மயங்கி விழுந்ததாக எடுத்துக்கொள்வார்கள். 'கிராஜுவேட்டட்' என்பது எல்லா ஊரிலும் செல்லும். இவை நம் ஊரில் பிழை இல்லை. தஞ்சாவூரில் நண்பரிடம் பேசும்போது மாற்றவும் வேண்டாம்.

அறிகுறி: எவ்வளவு தேடியும் வேறுபாடே தெரியவில்லை

தேடுவதை நிறுத்திவிடலாம். 'பிகின்', 'ஸ்டார்ட்' இரண்டில் எதைச் சொன்னாலும் பெரும்பாலான வாக்கியங்கள் கெடுவதில்லை. 'ஷட்', 'க்ளோஸ்' அப்படியே. மழை 'பிகின்' ஆகலாம், 'ஸ்டார்ட்' ஆகலாம். பம்ப்செட் மோட்டாரை மட்டும் 'ஸ்டார்ட்'தான் செய்ய முடியும், 'பிகின்' செய்ய முடியாது. இப்படி எங்கோ ஓரிரு இடத்தில் பிரியும் ஜோடிகளுக்காக ஒரு மாலையைச் செலவிடாதீர்கள். பிரியும் அந்த ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டில் வாய்க்கு எளிதாக வருவதைச் சொல்லி வாக்கியத்தை முடியுங்கள்.